ஞாயிறு மட்டும் லாக் ஆகும் யூசர் ஐ.டி.

1. அன்லாக் பண்ண வேண்டாம்

“ஏனுங்க செந்தில், அந்த நஜீமோட ஐ.டி.யை அன்லாக் பண்ண வேண்டாமுங்க. அப்படியே கெடக்கட்டும். ஆளையே அனுப்பிப்போடலாம்னு இருக்கறனுங்க.”

ஒரு திங்கட்கிழமை காலை, துபாய் அல் கூஸில் இருந்த எங்கள் ஹெட் ஆபீஸில் நான் டீயை இன்னும் வாயில் வைக்கவில்லை. அதற்குள் குவைத்திலிருந்து இந்த போன். பேசியவர் ஃபஹாஹீல் கிளையின் மேனேஜர் பழனிசாமி சார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கோபத்திலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். அதனால் அவருடைய கோபத்தின் அளவு நமக்குச் சட்டென்று பிடிபடாது.

எங்கள் கம்பெனி கட்டுமான சைட்டுகளுக்கு ஜெனரேட்டரும் பம்பும் வாடகைக்கு விடுகிறது. நான் அங்கே நெட்வொர்க் அட்மின். துபாய்தான் தலைமை, குவைத்திலும் மஸ்கட்டிலும் சின்னக் கிளைகள். ஃபஹாஹீல் கிளையில் நஜீம் பாய் அட்மின் கிளார்க். கீழக்கரைக்காரர். மெக்கானிக், டிரைவர், ஹெல்பர் என்று அத்தனை பேருடைய இகாமாவையும், அதாவது அந்த நாட்டில் தங்கி வேலை செய்யும் அனுமதியை, காலாவதி ஆகும் முன்பு அரசாங்க வெப்சைட்டில் ரினியூ செய்வதுதான் அவருடைய முக்கிய வேலை.

அவருடைய யூசர் ஐ.டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் லாக் ஆகிவிடும். இன்டர்நெட்டுக்குப் போகும்போது ப்ராக்ஸி சர்வர் அவருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். அவர் அடிப்பார். மறுபடி கேட்கும். மறுபடி அடிப்பார். கடைசியில் ஐ.டி. பூட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் இதே கதை. போன வாரம் ஒரு மெக்கானிக்கின் இகாமா இந்தத் தகராறில் ரினியூ ஆகாமல் தேதி தாண்டிவிட்டது. கம்பெனிக்கு அபராதம்.

“ஒரு பாஸ்வேர்டை ஞாபகம் வெச்சுக்க முடியாதவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க? எனக்கு நெட்டு வருது. ஸ்டோர்காரருக்குப் பிரச்சினையில்ல. இவருக்கு மட்டும்தான் வாரா வாரம் ரோதனை. அடுத்த ஞாயிறும் இப்படியே ஆச்சுன்னா விசா கேன்சல் தானுங்க. சொல்லிப்போட்டேன்.”

அவர் போனை வைத்த சிறிது நேரத்தில் நஜீம் பாயே கூப்பிட்டார்.

“செந்தில் சார், நான் தப்பா அடிக்கலன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாக. வேலை போனா போகட்டும். மக பன்னெண்டாவது படிக்குது சார், இங்க அப்பாசியா ஸ்கூல்ல. போர்டு பரீட்சை வருது. என் விசா போச்சுன்னா பொண்டாட்டி பிள்ளை விசாவும் சேர்ந்து போயிரும். பரீட்சை முடியிற வரைக்குமாச்சும் தள்ளிப்போடச் சொல்ல முடியுமா? வீட்ல இன்னும் சொல்லல.”

வேலையைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை, பரீட்சை வரைக்கும் தவணை கேட்டார். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் லைனில் இருப்பவர்களுக்கு இந்த வகைக் கோபம் அடிக்கடி வரும்.

2. காவல்காரர் கேட்கும் கேள்வி

ப்ராக்ஸி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம்.

எங்கள் கம்பெனியில் எந்தக் கிளையிலிருந்து இன்டர்நெட்டுக்குப் போனாலும் துபாயில் இருக்கும் ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். அது கேட் வாட்ச்மேன் மாதிரி. “நீ யார்?” என்று கேட்கும். பதிலை, எல்லாருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலரிடம் காட்டி, “இவர் நம்ம ஆள்தானா?” என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே விடும். கேள்வி, பதில், மறு கேள்வி, மறு பதில் என்று போய் வரும். துபாய்க்குள் இருப்பவருக்கு இது கண் சிமிட்டும் நேரம். ஃபஹாஹீலில் இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் குவைத்திலிருந்து துபாய்க்குப் போய்த் திரும்ப வேண்டும். போகிற லைனோ மெல்லிசான லைன்.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வாட்ச்மேன் ஆளைப் பார்த்து ஒரு தடவை கேட்டால் பரவாயில்லை. எங்களுடைய ப்ராக்ஸி, ஆள் கொண்டுவரும் ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாகக் கேட்கும் ரகம். ஒரு வெப்சைட் திறந்தால் படம், எழுத்து, பட்டன் என்று ஏகப்பட்ட கனெக்ஷன். அத்தனைக்கும் “நீ யார், நீ யார்” என்று கேள்வி. அரசாங்க வெப்சைட்டுகளில் இந்தப் பைகள் சற்று அதிகம். லைன் நன்றாக இருந்தால் இது யாருக்கும் தெரியாது. லைன் திணறினால் பதில் நேரத்துக்குப் போய்ச் சேராது. உடனே ஸ்கிரீனில் பாஸ்வேர்டு பெட்டி வந்து நிற்கும். பார்ப்பவருக்கு “உன் பாஸ்வேர்டு தப்பு” என்றுதான் தோன்றும். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் ஃபஹாஹீல் லைன் நன்றாக இருந்தது. திங்கட்கிழமை பார்ப்பேன், சுத்தம். செவ்வாய் பார்ப்பேன், சுத்தம். லைன் கொடுத்த கம்பெனிக்காரனும் “மாஃபி முஷ்கில்” என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டான். பிரச்சினையே இல்லையாம்.

ஞாயிறு ஹெல்ப்டெஸ்கில் ஒரே ஒரு ஆள் டியூட்டியில் இருப்பார். அவர் என்ன செய்வார்? நஜீம் பாய் கூப்பிட்டதும் பாஸ்வேர்டை ரீசெட் செய்து புதியதைக் கொடுத்து டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, மூடிவிடுவார். காரணம் என்ற இடத்தில் ‘யூசர் எரர்’. இதில் ஒரு வேடிக்கை. நஜீம் பாயின் பிரவுசர் பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும். இவர் புதியதை அடிக்க, அது பின்னால் நின்று பழையதை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது நிஜமாகவே தப்பான பாஸ்வேர்டு. ஐ.டி. பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? நாங்கள் செய்த வைத்தியமே நோயை வளர்த்தது.

3. சித்திக் பாயின் கலாஸ்

எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் சித்திக் பாய், ஹைதராபாத்காரர். நல்ல மனிதர். ஆனால் டிக்கெட் திறந்திருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மூடியிருந்தால் உள்ளே என்ன இருந்தாலும் கவலையில்லை.

“குவைத் போய் நேரில் பார்க்கிறேன்” என்றேன்.

“அரே பாய், ஒரு பாஸ்வேர்டுக்கு ஃப்ளைட்டா? ரிமோட்ல பாரு. ரீசெட் கரோ, க்ளோஸ் கரோ, கலாஸ். முடிஞ்சது.”

“ரிமோட்ல பார்த்தா எல்லாம் நல்லா இருக்கு. அதுதான் சந்தேகமா இருக்கு.”

“நல்லா இருந்தா பின்னே என்ன சந்தேகம்?”

நல்லவேளையாக ஃபஹாஹீல் கிளைக்குப் புது நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று மாட்ட வேண்டிய வேலை பாக்கி இருந்தது. அதைச் சாக்காக வைத்து, சனிக்கிழமை போய் திங்கட்கிழமை திரும்புவது மாதிரி ஃப்ளைட் டிக்கெட் போடச் சொன்னேன். நடுவில் வரும் ஞாயிறு என் லீவு நாள். அது போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் மட்டும் இதைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருந்தது.

சனிக்கிழமை ஃபஹாஹீல் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் வேண்டாம் என்றும் திங்கட்கிழமையே நான் ஐ.டி.யை அன்லாக் செய்துவிட்டதால், நஜீம் பாயின் ஸ்கிரீனில் அரசாங்க வெப்சைட் சிரித்துக்கொண்டு நின்றது. அவர் முகம்தான் வாடியிருந்தது.

“பாருங்க சார், நீங்க வந்ததும் எப்படி வேலை செய்யுதுன்னு. நாளைக்கும் இப்படியே வேலை செஞ்சுச்சுன்னா நான்தான் பொய்யன்.”

பழனிசாமி சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்விட்சை மாட்டினேன். ரிப்பேர் வேலைக்குப் போன இடத்தில் “ஆண்டவா, நாளைக்குக் கெட்டுப்போகட்டும்” என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

4. என் பாஸ்வேர்டும் தப்பு

ஞாயிறு காலை. ஆபீஸ் திறந்து ஆட்கள் உட்கார்ந்தாகிவிட்டது. குவைத்தில் வார லீவு வெள்ளி. ஞாயிறு அங்கே முழு வேலை நாள். அரசாங்க ஆபீஸ்கள் வாரத்தைத் தொடங்கும் நாளும் அதுதான். அதனால் நஜீம் பாய்க்கு ஞாயிறுதான் அதிக வேலை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரவுசரைத் திறந்தார். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டு பெட்டி வந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தார். பெட்டி மறைந்து மறுபடி வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சை ஹாலில் பேனா எழுதாத பையனின் பார்வை.

“பாய், கையை எடுங்க. இனி ஒரு எழுத்தும் அடிக்காதீங்க. எழுந்திரிங்க” என்றேன்.

நான் உட்கார்ந்து பிரவுசர் சேமித்து வைத்திருந்த பழைய பாஸ்வேர்டுகளை எல்லாம் அழித்தேன். பிறகு என்னுடைய ஐ.டி.யை அடித்தேன், என்னுடைய பாஸ்வேர்டை அடித்தேன். சுற்றியது. பெட்டி மறுபடி வந்து நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “சார், ஒரு நிமிஷம் இங்க வாங்க!” என்று கத்தினேன். பழனிசாமி சார் வந்தார்.

“இது என் ஐ.டி. சார். நெட்வொர்க் அட்மின் ஐ.டி. இதையும் உள்ள விடமாட்டேங்குது. என் பாஸ்வேர்டும் எனக்கு மறந்துபோச்சா?”

அவர் குனிந்து பார்த்தார். “அப்பறம் எனக்கு மட்டும் எப்படிங்க வருது? மெதுவா வருது, ஆனா வருதுங்களே?”

“மேனேஜருங்க திட்டுறாங்கன்னு உங்க எல்லாரையும் ப்ராக்ஸி கேள்வி கேக்காத லிஸ்ட்ல போட்டிருக்காங்க சார். ப்ராக்ஸி ஒரு வாட்ச்மேன் மாதிரி. உங்களை நிறுத்தவே மாட்டான்.”

“ஸ்டோர்காரருக்கு?”

ஸ்டோர்காரர் மூலையிலிருந்து குரல் கொடுத்தார். “எனக்கும் அந்தப் பெட்டி வரும் சார். கேன்சல் அடிச்சிட்டு டீ குடிக்கப் போயிருவேன். நாளைக்குத் தானா சரியாயிரும்.”

அவ்வளவுதான் விஷயம். வேலை செய்யாதவர் ஐ.டி. பத்திரமாக இருந்தது. அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று விடாமல் அடித்தவர் ஐ.டி. பூட்டிக்கொண்டது.

இப்போது கெட்டுப்போனது கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஏன் என்று மட்டும் தெரிய வேண்டும். துபாய் சர்வருக்கு ‘பிங்’ போட்டுப் பார்த்தேன். சும்மா ஒரு “இருக்கிறாயா?” கேள்விதான் அது. பதில் நொண்டிக்கொண்டு வந்தது. பாதி வரவே இல்லை. லைன் நிரம்பி வழிகிறது. கிளையில் இருப்பதோ கைவிரல் விட்டு எண்ணும் அளவு கம்ப்யூட்டர், அதிலும் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அப்படியென்றால் லைனைச் சாப்பிடுவது யார்?

லைனில் யார் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று காட்டும் ஃபயர்வாலில் பார்த்தேன். மூலையில் தூசி படிந்து கிடந்த கிளையின் ஃபைல் சர்வர். அது தன்னிடம் இருந்த அத்தனை ஃபைலையும் துபாய் பேக்கப் சர்வருக்கு அள்ளி அனுப்பிக்கொண்டிருந்தது. வாராந்திர முழு பேக்கப்.

வேலை நாளில் எந்த மடையன் முழு பேக்கப் ஓடவிடுவான் என்று நினைத்த அடுத்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அது வேலை நாள் இல்லை. துபாயில் அன்றைக்கு லீவு.

5. சிக்கன் கருகிய நேரம்

முன்பு எமிரேட்ஸிலும் வெள்ளிக்கிழமைதான் லீவு. வியாழன் ராத்திரி பேக்கப் தொடங்கும், வெள்ளி முழுக்க நிதானமாக ஓடும், எங்கேயும் ஆள் இருக்காது. பிறகு எமிரேட்ஸில் வார விடுமுறை மாறியது. எங்கள் அல் கூஸ் ஆபீஸுக்கும் கோடவுனுக்கும் சனியும் வேலை, ஞாயிறு முழு லீவு என்று ஆனது. பேக்கப் பார்த்துக்கொண்ட பிரகாஷ், வெள்ளி வேலைகளை எல்லாம் மொத்தமாகப் பிடித்து ஞாயிறுக்குத் தள்ளிவிட்டான். குவைத்துக்கு லீவு மாறவில்லை என்பது அவனுக்கு மட்டுமா தோன்றவில்லை, துபாயில் உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு கெட்டுப்போகும், அன்று பார்க்க நாங்கள் இருக்க மாட்டோம். திங்கள் நாங்கள் வருவோம், பேக்கப் முடிந்து லைன் சுத்தமாக இருக்கும்.

பிரகாஷுக்குப் போன் போட்டேன். பின்னால் குழந்தைகள் சத்தம்.

“அண்ணே, பார்க்ல இருக்கேன். பார்பிக்யூ. இன்னைக்கு லீவுண்ணே!”

“உனக்கு லீவு. குவைத்துக்கு லீவு என்னைக்குடா?”

“வெள்ளி... ஐயோ அண்ணே” என்றான்.

“ஐயோ அப்புறம் சொல்லு. ஃபஹாஹீல் பேக்கப்பை முதல்ல நிறுத்து. யல்லா, சீக்கிரம்.”

அவன் மொபைலிலேயே உள்ளே போனான். “சிக்கன் கருகுது, யாராச்சும் பாருங்கப்பா” என்று அவன் கத்துவது கேட்டது. “நிறுத்திட்டேண்ணே.”

பிங் பதில்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. நான் நஜீம் பாயின் ஐ.டி.யை அன்லாக் செய்து நாற்காலியை விட்டு எழுந்தேன். “உட்காருங்க பாய்.”

அவர் “பிஸ்மில்லா” சொல்லி ஒற்றை விரலால் அடித்தார். பெட்டி போனது. அரசாங்க வெப்சைட் திறந்தது. அடுத்த பக்கம் திறந்தது. அன்றைக்கு முடிக்க வேண்டியிருந்த டிரைவர் ஒருவரின் ரினியூவல் கடைசிப் பக்கம் வரை போய், முடிந்தது என்று பச்சையில் காட்டியது. ஸ்டோர்காரர் கை தட்டினார்.

நஜீம் பாய் கண்ணாடியைக் கழற்றினார். “அண்ணே, எனக்கே எம்மேல சந்தேகம் வந்துருச்சுண்ணே. மறதி வியாதியாக்கும்னு நெனச்சு டாக்டர்ட்ட போயி காமிச்சேன். அவுக சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாக. தெனமும் ராத்திரி பாஸ்வேர்டைச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் படுப்பேன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதுவரை ‘சார்’ போட்டவர் ‘அண்ணே’ என்று கூப்பிட்டதை மட்டும் கவனித்தேன்.

6. துபாய் லீவு செய்த ஒரே உபகாரம்

பழனிசாமி சார் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

“செந்தில், ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. ஞாயிறு எப்படியும் இதுதான் ஆகும்னு நெனச்சு, நேத்து சாயங்காலமே எச்.ஆருக்கு மெயில் போட்டுட்டனுங்க. விசா கேன்சல் ஆரம்பிக்கச் சொல்லி.”

எங்கள் எச்.ஆர். ஒரு விஷயத்தில் மட்டும் மகா வேகம். ஆளை எடுக்க மாதக்கணக்காகும், அனுப்ப அரை நாள் போதும்.

“சார், எச்.ஆர். துபாய்லதானே இருக்கு? இன்னைக்கு அங்க லீவு சார். இன்னும் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. இப்பவே போன் பண்ணுங்க, வீட்டுக்கே பண்ணுங்க.”

அவர் பண்ணினார். என் முன்னால், நின்றுகொண்டே பண்ணினார். “மெயிலைத் தூக்கிப்போடுங்க. இல்லீங்க, ஆள் மேல தப்பில்ல. நம்ம சிஸ்டத்து மேலதான் தப்பு. ஆமாங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன்.” பிறகு அதையே மெயிலாகவும் எழுதினார். பிறகு பேன்ட்ரிக்குப் போய் இரண்டு டீயோடு வந்து, ஒன்றை நஜீம் பாயின் மேசையில் வைத்துவிட்டு, மற்றதைக் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். அந்த மனிதரிடம் அதற்கு மேல் மன்னிப்பு எதிர்பார்க்க முடியாது. நஜீம் பாயும் அதற்கு மேல் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

7. கேட்க மறந்த கேள்வி

திரும்பி வந்து செய்தது பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு கிளையின் முழு பேக்கப்பும் அந்தக் கிளையின் லீவு நாளில் என்று மாற்றினோம். ஃபஹாஹீலில் ஒரு சின்ன டொமைன் கன்ட்ரோலரும், அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன ப்ராக்ஸியும் வைத்தோம். “நீ யார்?” என்ற கேள்வி இனி துபாய் வரை வரவேண்டியதில்லை. மஸ்கட்டுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை நெட் எப்படி என்று கேட்டேன். “ஞாயித்துக்கிழமை வராது சார், அது எப்பவும் அப்படித்தானே?” என்றார் அங்கிருந்தவர். விதி என்று எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சித்திக் பாயிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். நஜீம் பாயின் பெயரில் ‘யூசர் எரர்’ என்று மூடிய டிக்கெட்டுகளை எல்லாம் திறந்து காரணத்தைத் திருத்தினேன். “மூடின டிக்கெட்டைத் திறப்பியா?” என்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யூசர் தப்பு என்று எழுதும் முன்பு, கெட்டுப்போகும் நாளில், கெட்டுப்போகும் இடத்தில் ஒரு தரமாவது போய் உட்காருங்கள். போக முடியாவிட்டால் “உங்களுக்கு லீவு என்னைக்கு?” என்றாவது கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவரின் வாரம் நம்முடைய வாரம் இல்லை. அவருக்குப் போவது ஒரு நாள் இன்டர்நெட் மட்டும்தானா என்பதும் நமக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு மாலை, வீட்டில் இருந்தபோது நஜீம் பாயின் நம்பரிலிருந்து போன். “என்ன பாய், மறுபடியுமா?” என்றேன்.

“இல்லண்ணே, எல்லாம் நல்லா வேலை செஞ்சுச்சு. வீட்டுக்கு வந்துட்டேன். நல்லா இருக்குன்னு சொல்ல யாராச்சும் ஒங்களுக்குப் போன் பண்ணியிருக்காகளா? அதான் பண்ணேன்.”

யாரும் பண்ணியதில்லை என்று சொன்னேன். அவருக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை கெமிஸ்ட்ரி பாடத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். “மெதுவா படிம்மா, போன் பேசுறேன்ல” என்றார் அவர். “படிக்கட்டும் பாய், விடுங்க” என்றேன். இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.